பழைய எம்.ஜி. கார் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்த மனுஷனைத் தெரிஞ்சுக்கோங்க!

ஞாயிற்றுக்கிழமை மதியம். பிரியாணி மயக்கத்துல போனை ஸ்க்ரோல் பண்ணிட்டு இருக்கீங்க. திடீர்னு ஒரு போட்டோ. பூந்தமல்லி தாண்டி ஏதோ ஒரு தகர ஷெட். தார்ப்பாயை விலக்கினா, நீளமான மூக்கோட, ரெண்டே சீட்டோட, மேல கூரையே இல்லாத ஒரு பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். கீழே ரெண்டு வரி: வண்டி ஒரிஜினல், சின்னச் சின்ன வேலைதான் இருக்கு. உங்க கை தானா பேங்க் பேலன்ஸ் பார்க்கப் போகுது. கொஞ்சம் நில்லுங்க பாஸ்.

இதே மாதிரி ஒரு போட்டோவைப் பார்த்துட்டுத்தான் ஆவடியில இருக்கிற என் நண்பர் 2019ல ஒரு எம்.ஜி. டிடி வாங்கினார். 1950களோட தொடக்கத்துல வந்த மாடல். தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்து வெச்சதுல மிச்சம் இருந்ததையும் பி.எஃப். லோனையும் சேர்த்துப் போட்டார். ஆறே மாசத்துல ரோட்டுக்கு வந்துடும்னு கணக்கு. அடுத்த அஞ்சு வருஷமும் அந்தக் கார் அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பதினாலு அட்டைப்பெட்டியில இருந்துச்சு. சேஸிஸ் மட்டும் வெளியே, துணி காயப்போட வசதியா!

அவர் எங்கே சறுக்கினார்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்தக் காரை அப்படி உருவாக்கின மனுஷனைப் பத்திச் சொல்லணும். ஏன்னா, பழைய எம்.ஜி. வாங்குற ஒவ்வொருத்தரும் மாட்டிக்கிற சிக்கல்ல பாதி, அவர் அந்தக் காரை எப்படி யோசிச்சாருங்கிறதுலதான் இருக்கு. அவர் பேர் செசில் கிம்பர்.

அம்பத்தூர் சிக்னல்ல உங்க பக்கத்துல வந்து நிக்கிற எம்.ஜி. ஹெக்டர்ல எட்டுமூலை சின்னம் ஒண்ணு இருக்கே, அந்த எம்.ஜி.க்கு விரிவாக்கம் மோரிஸ் கராஜஸ். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துல இருந்த ஒரு கார் விற்பனைக் கடையோட பேர் அது. இன்னைக்கு அந்த பிராண்ட் சீன நிறுவனம் ஒண்ணுகிட்ட போயாச்சு, இந்தியாவுக்கு 2019ல வந்துச்சு. ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி, சாதாரண கார்களை விக்கிற அந்தக் கடைக்குள்ளே இருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வெளியே கொண்டு வந்தவர் கிம்பர்தான். அந்தக் கடை அவருடையது இல்லை. அவர் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

கிம்பர் 1888 ஏப்ரலில் லண்டனில் பிறந்தார். அப்பாவுக்கு அச்சுத்தொழில் சம்பந்தப்பட்ட வியாபாரம். குடும்பம் மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அச்சு மை தயாரிக்கும் அப்பாவின் தொழிலிலேயே பையனும் சேர்ந்தார். ஆனால் மனசு முழுக்க மோட்டார் பைக் மேல. சும்மா ஓட்டுவதோடு நிறுத்தாமல், பிரித்துப் பார்ப்பது, மாற்றிப் போடுவது, மறுபடி ஓட்டிப் பார்ப்பது என்று அலைந்த பையன்.

1910 வாக்கில் அந்த பைக்கே அவரைக் கவிழ்த்தது. ஒரு காரோடு மோதியதில் வலது கால் நொறுங்கிப்போனது. காலையே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்ற நிலைமை. எப்படியோ எலும்பு கூடியது, ஆனால் அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தார். பைக் ஓட்டும் வாழ்க்கை முடிந்தது.

விபத்துக்கு நஷ்டஈடாகக் கணிசமான தொகை கிடைத்தது. அதில் ஒரு சிங்கர் கார் வாங்கினார் கிம்பர். இங்கேதான் வீட்டில் பூகம்பம். அப்பாவின் தொழில் அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. அந்தப் பணத்தைத் தொழிலில் போடச் சொன்னார் அப்பா. மகன் மறுத்தார். அதோடு அப்பா மகனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார், கடைசி வரைக்கும் பேசவே இல்லை. கார் பைத்தியத்துக்கு நம்ம வீடுகள்ல விழுற திட்டெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

அப்புறம் கிம்பர் நாலைந்து கம்பெனிகள் மாறினார். ஷெஃபீல்டில் ஒரு சொகுசு கார் கம்பெனி, பிறகு ஏ.சி. கார்ஸ், பிறகு பர்மிங்ஹாமில் கார் பாகங்கள் செய்யும் ரிக்லி என்ற கம்பெனி. நடுவில் 1915ல் ஐரீனைக் கல்யாணம் செய்துகொண்டார். ரிக்லி ஒரு புதுக் காரை நம்பி இறங்கிச் சறுக்கியதில் கிம்பரும் கையில் இருந்ததை இழந்தார் என்று சொல்வார்கள்.

பர்மிங்ஹாம்னு சொன்னதும் ஒரு சின்ன பிரேக். அந்த ஊருக்கும் நம்ம ஏரியாவுக்கும் ஒரு பந்தம் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. பாடியில இருக்கிற லூகாஸ் டிவிஎஸ், அந்த லூகாஸ் பர்மிங்ஹாம் கம்பெனி. 1959ல அம்பத்தூர்ல ஆலை போட்ட டன்லப், அதுக்குப் பெரிய கோட்டையே பர்மிங்ஹாம்லதான். டிஐ சைக்கிள்ஸ்ல இருக்கிற டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்ங்கிற பேரும் அங்கே இருந்து வந்ததுதான். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒயரும் டயரும் கொடுத்த ஊரோட தொழில், அப்படியே நம்ம பாடி - அம்பத்தூர் ரோட்டுல வந்து இறங்கியிருக்கு. டன்லப் ஆலை மூடி வருஷங்கள் ஆச்சு. ஆனா அந்தத் தொழில்களைச் சுத்தி வளர்ந்த லேத் பட்டறைகளும் மெஷினிஸ்டுகளும் இன்னும் எஸ்டேட்டுக்குள்ளே இருக்காங்க. பழைய கார் வாங்குறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம்னு பின்னால சொல்றேன்.

1921ல் கிம்பர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார், மோரிஸ் கராஜஸின் விற்பனை மேலாளராக. அடுத்த வருஷமே பொது மேலாளர். முதலாளி வில்லியம் மோரிஸ், சைக்கிள் ரிப்பேர் கடையில் ஆரம்பித்து இங்கிலாந்தின் பெரிய கார் உற்பத்தியாளராக உயர்ந்தவர். பக்கத்து கவ்லியில் இருந்த ஆலை கார்களைத் தயாரிக்க, கராஜஸ் அவற்றை விற்றது. குடும்பத்தோடு சர்ச்சுக்கும் சந்தைக்கும் போகிற, அலுங்காமல் குலுங்காமல் ஓடுகிற கார்கள்.

கிம்பர் அந்தக் காரையே எடுத்தார். சேஸிஸ் அப்படியே. இன்ஜினில் கொஞ்சம் சூடேற்றினார், ஸ்டீயரிங்கைச் சாய்த்தார், மேலே இருந்த உடம்பைக் கழற்றிவிட்டு ஒல்லியான, தாழ்வான ஒன்றை மாட்டினார். மோரிஸ் விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் ஒரு இளைஞனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்கும். அவ்வளவுதான் ஐடியா. அதுவரை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பெரிய பணக்காரர்களின் சமாச்சாரம். 1924 வாக்கில் எம்.ஜி. என்ற பெயரே விளம்பரங்களில் வர ஆரம்பித்தது.

இந்த ஐடியா கிம்பருக்குப் பிறகும் அந்தக் கம்பெனியை விடலை. 1955ல வந்த எம்.ஜி.ஏ.வைப் பாருங்க. அதோட 1489 சிசி இன்ஜின், நம்ம அம்பாசிடர்ல ரொம்ப காலம் ஓடின பெட்ரோல் இன்ஜின் குடும்பமேதான். எம்.ஜி.ஏ. வாங்கினா, அம்பாசிடரோட தலைமுறை மெக்கானிக் ஒருத்தர் கண்ணை மூடிட்டு டேப்பட் செட் பண்ணுவார். நல்ல விஷயம்.

கெட்ட விஷயமும் அதுதான். எல்லாப் பாகமும் வேற ஏதோ வண்டியோடதா இருக்கிறதால, எதை வேணும்னாலும் எதுல வேணும்னாலும் மாட்டலாம்னு நம்ம ஊர்ல நினைச்சுட்டாங்க. உதிரி பாகம் இறக்குமதி பண்ண முடியாத காலத்துல வேற வழியும் இல்லை. அதனால இன்னைக்கு ஷெட்ல இருந்து வெளியே வர்ற பழைய எம்.ஜி.யைத் திறந்தா, உள்ளே வேற இன்ஜின், வேற கியர்பாக்ஸ், வேற ஆக்ஸில் இருக்கலாம். ஓடுது இல்லைன்னு விடாதீங்க. 2021ல வந்த மத்திய அரசோட விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு வி.ஏ. வரிசையில வின்டேஜ் நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின் எதுவும் பெருசா மாத்தப்பட்டிருக்கக் கூடாது. வேற இன்ஜின் மாட்டின வண்டி அந்த வாசல்லயே நின்னுடும். அந்த நம்பர் கிடைச்சாலும் தினசரி ஆபீஸ் போக முடியாது. ராலி, கண்காட்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பண்ண, இதுக்குத்தான்.

அதனால பார்க்கப் போகும்போது பெயின்டைப் பார்க்காதீங்க. ஆர்.சி. புக்கைக் கையில வெச்சுக்கிட்டு, சேஸிஸ்ல அடிச்ச நம்பரையும் இன்ஜின் நம்பரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க. ஆர்.சி.யில இருக்கிற பேர் உயிரோட இருக்கிறவருதா, இல்லைன்னா வாரிசுங்க எத்தனை பேர், எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்களா? என் நண்பர் முதல் வருஷத்தை இதுலதான் தொலைச்சார். விக்கிறவரோட அண்ணன் கையெழுத்துக்காகப் பதினோரு தடவை அலைஞ்சார்.

சரி, 1925க்கு வாங்க. அந்த வருஷ ஈஸ்டருக்கு லண்டனிலிருந்து லேண்ட்ஸ் எண்ட் வரை நடக்கும் போட்டிக்காக கிம்பர் தனக்கென்று ஒரு ஸ்பெஷல் காரைச் செய்தார். ஓட்டினார், தங்கப் பதக்கம் வாங்கினார். அப்புறம்? வேலை முடிந்த கார்தானே என்று ஒரு நண்பருக்கு 300 பவுண்டுக்கு விற்றுவிட்டார்.

அந்தக் கார் கை மாறி, கடைசியில் நம்ம பாஷையில் சொன்னால் காயலாங்கடை நிலைமைக்குப் போய்விட்டது. 1930களின் தொடக்கத்தில் அது கண்ணில் பட, கம்பெனி அதை 15 பவுண்டுக்குத் திரும்ப வாங்கிச் சரிசெய்தது. இன்றைக்கு அதற்கு ஓல்ட் நம்பர் ஒன் என்று பெயர், பிரிட்டனின் கேடன் நகர மோட்டார் மியூசியத்துக்குச் சொந்தமான பொக்கிஷம். இதில் ஒரு வேடிக்கை: அது முதல் எம்.ஜி.யே இல்லை. அதற்கு முன்னாலேயே எம்.ஜி. கார்கள் விற்பனையில் இருந்தன. விளம்பரத்துக்காக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கம்பெனியே தன் சொந்தக் காரைப் பற்றி இப்படிச் சொல்லும்போது, ஷெட்காரர் சொல்லும் மகாராஜா கதையையெல்லாம் எவ்வளவு நம்புவது என்று நீங்களே முடிவு பண்ணுங்க. மகாராஜா வண்டிங்கிறதுக்கு ஒரு பேப்பர் கூட இல்லைன்னா, அந்தக் கதைக்கு ஒரு ரூபாய் கூடக் கூடுதலாத் தராதீங்க.

1928 கண்காட்சியில் கிம்பர் வைத்த வெடிதான் பெரிய வெடி. மோரிஸ் மைனர் என்ற குட்டிக் காரின் மேல் செய்த எம்.ஜி. மிட்ஜெட். 847 சிசி இன்ஜின், படகு மாதிரிக் கூரான பின்பக்கம், விலை 175 பவுண்டு. மூவாயிரத்துக்கும் மேல் விற்றது. அந்த விலைக்கு எப்படி முடிந்தது? மரச்சட்டத்தின் மேல் பிளைவுட்டும் துணியும் போர்த்திய உடம்பு. உலோகம் ரொம்பக் குறைவு.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் நிதானமாச் சொல்றேன். மிட்ஜெட்ல ஆரம்பிச்சு 1955 வரைக்கும் வந்த டி வரிசை வரைக்கும், அந்தத் தகரத்துக்கு உள்ளே இருக்கிற எலும்புக்கூடு மரம். ஆஷ்னு சொல்ற மரம். கிரிக்கெட் ஸ்டம்பும் சுத்தியல் கைப்பிடியும் செய்யற அதே ரகம். வளையும், உடையாது. இங்கிலாந்துக் குளிருக்கு நல்லாத் தாங்கும். நம்ம ஊர் ஐப்பசி மழைக்கும் கரையானுக்கும்? தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல தண்ணி இறங்கினா காயவே காயாது. வெளியே பளபளன்னு சிவப்பு பெயின்ட் இருக்கும், உள்ளே மரம் பிஸ்கட் மாதிரி உதிரும். தகர ஷெட்ல இருபது வருஷம் நின்ன வண்டின்னா சொல்லவே வேண்டாம்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. டி வரிசைக் கார்ல கதவு பின்பக்கமா கீல் வெச்சிருக்கும், நம்ம கார்களுக்கு நேர் எதிரா திறக்கும். கதவைத் திறந்து, முனையைப் பிடிச்சு மெதுவா மேலே தூக்குங்க. கீலோட சேர்ந்து தூணும் ஆடுதா? மூடும்போது கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் பூட்ட வேண்டியிருக்கா? அப்போ கீலைத் தாங்குற மரத்தூண் போச்சு. அடுத்து, தரை விரிப்பைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால மரத்தைக் குத்திப் பாருங்க. விக்கிறவர் முறைப்பார். பரவாயில்லை. பாக்கெட்ல ஒரு சின்ன காந்தம் வெச்சுக்கோங்க. மட்கார்டு ஓரத்துல அது ஒட்டலைன்னா அங்கே தகரம் இல்லை, பட்டிதான் இருக்கு.

மரம் போயிருந்தா மாத்தலாம். ஆனா நம்ம ஆசாரிங்க பாசத்துல தேக்கு போடுறேன்னு சொல்லுவாங்க. தேக்கு நல்ல மரம்தான், ஆனா அதுல எண்ணெய்ப் பசை இருக்கிறதால பசை சரியாப் பிடிக்காம விடும். அதைவிட முக்கியமா, பழைய சட்டத்தைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு துண்டையும் அளவெடுத்து அட்டையில வரைஞ்சு வெக்கணும். என் நண்பரோட வண்டியில உளுத்த மரத்தை ஒருத்தர் அப்படியே குப்பையில போட்டுட்டார். அதுக்கப்புறம் மூணு வருஷம் கதவு எந்தக் கோணத்துல நிக்கணும்னே யாருக்கும் தெரியலை.

கிம்பர் கதைக்கு வருவோம். 1929ல் தொழிற்சாலை ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் இருக்கும் அபிங்டனுக்குப் போனது, ஒரு பழைய தோல் பதனிடும் ஆலையின் கட்டடத்துக்கு. அடுத்த ஆறு வருஷம் அவருடைய பொற்காலம். 1931ல் ஜார்ஜ் ஐஸ்டன் பாரிஸ் பக்கத்தில் ஒரு குட்டி எம்.ஜி.யில் மணிக்கு 100 மைலைத் தாண்டினார், 750 சிசிக்குள் யாரும் அதுவரை தாண்டியதில்லை. 1933ல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் எம்.ஜி.யின் கே3 கார்களுக்கு அணிப் பரிசு. அதே வருஷம் டாட்சியோ நுவோலாரி என்ற மாபெரும் டிரைவர் அதே கே3ஐ ஓட்டி அயர்லாந்தில் ஜெயித்தார். சாய்ந்து நடக்கிற ஒரு மேலாளர், மோரிஸ் பாகங்களை வைத்துக்கொண்டு ஐரோப்பாவையே ஓட ஓட விரட்டினார்.

ஆனால் அந்தக் கம்பெனி மோரிஸின் தனிச்சொத்து. 1935ல் அவர் அதைத் தன்னுடைய பெரிய கம்பெனியான மோரிஸ் மோட்டார்ஸுக்கு விற்றார். அங்கே நிர்வாகத்தில் இருந்தவர் லியோனார்டு லார்டு. வந்த வேகத்தில் பந்தயப் பிரிவை இழுத்து மூடினார். கிம்பருடைய நாற்காலி இருந்தது, அதிகாரம் கரைந்துபோனது. ரேஸ் கார்களைச் செய்த ஆட்கள் சும்மா நின்றார்கள்.

1936ல் வந்த டி வரிசை அந்தக் கட்டாயத்தில் பிறந்த கார். இன்னும் சாதாரணமான மோரிஸ் குடும்பத்துப் பாகங்கள், இன்னும் குறைந்த செலவு. எம்.ஜி. ரசிகர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். கடைசியில் உலகமே அந்த வரிசையைத்தான் காதலித்தது. நீங்க அந்த ஷெட்ல பார்த்த வண்டியும் அநேகமா அந்த வரிசைதான்.

அந்த இன்ஜின்ல ஒரு கண்ணிவெடி இருக்கு. மோரிஸ் 1923ல் வாங்கிய இன்ஜின் ஆலை, ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு கம்பெனி கவென்ட்ரியில் போட்டது. பிரெஞ்சு மெஷின்கள், அதனால் மரை எல்லாம் மெட்ரிக். ஆனால் இங்கிலாந்து மெக்கானிக்குகளிடம் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர்கள். அதனால் போல்ட்டின் தலை மட்டும் விட்வொர்த் சைஸ், மரை மெட்ரிக்! பல வருஷம் கழித்து வந்த டிசி, டிடி இன்ஜினிலும் இந்தக் கூத்து தொடர்ந்தது. அதிலும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். நம்ம ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 1.25.

இது தெரியாம என்ன ஆகும்? கடை போல்ட் ரெண்டு சுத்து போகும், அப்புறம் இறுகும். ஒரு பலசாலி அண்ணன் பைப்பை மாட்டி முறுக்குவார். பிளாக்ல இருக்கிற எழுபது வருஷ மரை பிய்ஞ்சுடும். இப்படிப் பிய்ஞ்ச துளைகளை எண்ணிப் பார்த்தாலே அந்த வண்டியை எத்தனை பேர் கையாண்டிருக்காங்கன்னு தெரியும். நண்பரோட இன்ஜின்ல ஒன்பது. காப்பாத்தினது அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன லேத் பட்டறை. அங்கே இருந்த பெரியவர் ஒரு போல்ட்டைக் கையில வாங்கி, மரை அளவுகோலை வெச்சுப் பார்த்து, சிரிச்சுட்டு, தேவையானதையெல்லாம் கடைஞ்சு கொடுத்தார். பிய்ஞ்ச துளையில புஷ் இறக்கி மறுபடி மரை போட்டார். நான் முன்னாடி சொன்ன வரம் இதுதான். லண்டன்ல இருந்து வரவழைச்சா ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும் சேர்ந்து போல்ட்டைவிட மூணு மடங்கு ஆகியிருக்கும். ஆனா எல்லாத்தையும் இங்கேயே செய்ய முடியாது. மீட்டர், விளக்கு, எட்டுமூலை மூடிங்க மாதிரிச் சின்னச் சாமான்தான் கண்ணுல விரலை விட்டு ஆட்டும். வண்டியில அதெல்லாம் இருக்கான்னு வாங்கும்போதே பாருங்க. இன்ஜின் ஓடாத முழுமையான கார், இன்ஜின் ஓடுற மொட்டைக் காரைவிட மேல்.

ஒயரிங் பத்தி ரெண்டு வரி. லூகாஸ் கம்பெனிக்கு உலகம் முழுக்கப் பழைய கார்க்காரங்க வெச்ச பட்டப்பேர் இருட்டின் இளவரசன். பாதி அநியாயம். பெரும்பாலும் பிரச்னை துருப்பிடிச்ச எர்த் இணைப்பும், துணி சுத்தின எழுபது வருஷ ஒயரும்தான். இந்தக் கார்கள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ் முனைதான் சேஸிஸுக்குப் போகும். அது தெரியாம வழக்கம்போல மைனஸைக் கொடுத்துட்டு ஆம்மீட்டர் தப்பாக் காட்டுதுன்னு குழம்புறவங்க நிறைய. பாடில லூகாஸ் டிவிஎஸ் மாதிரி ஆலைகள்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆன பெரியவங்க யாராவது உங்க தெருவுல இருந்தா, ஒரு காபி வாங்கிக் கொடுங்க. அந்த டைனமோவை அவங்க கண்ணைக் கட்டிக்கிட்டுப் பிரிப்பாங்க.

இன்னொண்ணு, இப்போ பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயையும் கார்க் வாஷரையும் அது அரிக்கும், டேங்க்ல ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஆசையைத் தீர்த்துக்கிறதுக்கு முன்னாடி, ஃப்யூயல் லைன் முழுசையும் மாத்துங்க. சூடான இன்ஜின் மேல சொட்டுற பெட்ரோல் விளையாட்டு இல்லை.

கிம்பருக்கு என்ன ஆச்சு? 1938ல் மனைவி ஐரீன் இறந்தார். அடுத்த வருஷம் உலகப் போர். கார் உற்பத்தி நின்றுபோக, அபிங்டன் ஆலை வேலையில்லாமல் கிடந்தது. ஆட்களுக்கு வேலை வேண்டுமே என்று கிம்பர் தானே அலைந்து, ஒரு குண்டுவீச்சு விமானத்தின் முன்பகுதியைச் செய்யும் வேலையைப் பிடித்து வந்தார். தலைமையகத்திடம் கேட்காமல். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. 1941 நவம்பரில் வேலையை விட்டு அனுப்பினார்கள். தான் பெயர் வைத்து, தான் வடிவம் கொடுத்து, இருபது வருஷம் வளர்த்த கம்பெனியின் வாசலைத் தாண்டும்போது, அதில் அவருக்கென்று எதுவும் சொந்தமாக இல்லை.

வேறு இரண்டு இடங்களில் வேலை பார்த்தார், கடைசியாகப் பிஸ்டன் செய்யும் ஒரு கம்பெனியில். 1945 பிப்ரவரி 4, ஞாயிறு மாலை. லண்டன் கிங்ஸ் க்ராஸில் ஆறு மணி லீட்ஸ் ரயிலின் கடைசிப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். ரயில் நிலையத்தை விட்டதும் ஒரு சுரங்கப்பாதை, அதில் புதிதாகப் போட்ட தண்டவாளம். என்ஜினின் சக்கரங்கள் பிடிப்பில்லாமல் சுழன்றன. ரயில் மெதுவாகப் பின்னால் நழுவியது, இருட்டில் டிரைவருக்கே அது தெரியவில்லை. தடம் மாற்றப்பட்ட நேரத்தில் கடைசிப் பெட்டி தடம்புரண்டு சிக்னல் தூணில் மோதி நசுங்கியது. இறந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் செசில் கிம்பர், வயசு 56.

அந்த வருஷமே போர் முடிந்தது. சில மாதங்களில் அபிங்டனிலிருந்து எம்.ஜி. டிசி வெளிவந்தது. 1250 சிசி, 19 இன்ச் கம்பி சக்கரம், அதே மரச்சட்டம், பின்னால் கீல் வைத்த அதே கதவு. 1949 வரை பத்தாயிரம் கார்கள். அமெரிக்காவுக்குப் போனது சுமார் இரண்டாயிரம்தான், ஆனால் அந்த நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியத்தைக் கிளப்பிவிட்டதே அதுதான். அதற்குப் பிறகு வந்த டிடி கிட்டத்தட்ட முப்பதாயிரம் விற்றது. அந்த முப்பதாயிரத்தில் ஒன்றுதான் ஆவடியில் மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டிகளில் இருந்தது.

நண்பர் அதை வித்துடலாம்னு ரெண்டு தடவை முடிவு பண்ணினார். ஒரு தடவை ஆளே வந்துட்டாங்க, பெட்டிகளைப் பார்த்துட்டுத் திரும்பிட்டாங்க. அப்புறம் வெளிநாட்டுல இதே மாடல் வெச்சிருக்கிற ஒருத்தர் தன் வண்டியோட மரத்தூண் ஒவ்வொண்ணையும் அளந்து படம் போட்டு அனுப்பினார். அதைப் பார்த்துத் திருமுல்லைவாயல்ல ஒரு ஆசாரி ஏழு மாசம் செதுக்கினார், தேக்கு இல்லாம, வரவழைச்ச ஆஷ் மரத்துலயே. பெயின்ட் இன்னும் அடிக்கலை, சீட்டுக்குப் பதிலா பிளாஸ்டிக் ஸ்டூல், ஆர்.டி.ஓ. வேலை பாக்கி. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை என்னைக் கூப்பிட்டார். கதவைத் திறந்தார், முனையைப் பிடிச்சுத் தூக்கிக் காட்டினார், ஆடலை. ரெண்டு விரலால தள்ளினார். சொடக்குன்னு பூட்டிக்கிச்சு. அதை அவர் ஆறேழு தடவை செஞ்சு காட்டினார், அவங்கம்மா உள்ளே இருந்து சாப்பிடக் கூப்பிடுற வரைக்கும்.